அட்டையில் என்ன பெயர் போடுவது

பிள்ளைகளே, கவுண்டரில் உட்காரப் போகிற உங்களுக்கு ஒரு விசயத்தை முதலே சொல்லி வைக்கிறேன். நீங்கள் கணினியில் பதிந்து வைத்திருக்கிற பெயரைச் சொல்லி எந்த வாசகரும் புத்தகம் கேட்க மாட்டார். அதிலும் ஒரு வகைக் கதை இருக்கிறது. அதை எங்கள் நூலகத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கேட்டார்கள். ரொக்கட் கதை என்றார்கள், வேற்றுக்கிரகத்துக் கதை என்றார்கள், எதிர்காலக் கதை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் விஞ்ஞானக் கதை என்றார்கள். இந்தியப் புத்தகங்களில் பழகியவர்கள் அறிவியல் புனைகதை என்றார்கள். போனில் வாசிக்கிற இளசுகள் அறிபுனை என்றார்கள். ஒருநாள் ஒரு தாய் வந்து, "எங்கட பொடியன் சோறு தண்ணி இல்லாம வாசிச்சிக் கெட்டுப்போற புத்தகம் இரிக்கே, அதுல ஒண்டு தாங்க, நானும் பாக்கன்" என்றார். அவர் கேட்டதும் இதைத்தான். எடுத்துக் கொடுத்தேன்.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசகர்களுக்குள் சண்டை வந்தால் நூலகர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் கேட்டார். "யார் பக்கமும் நிற்கக் கூடாது" என்று கம்பீரமாகச் சொன்னேன். கைதட்டினீர்கள். தேத்தண்ணியும் ரோல்ஸும் தந்தீர்கள். வீட்டுக்குத் திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் வைத்தே மனம் குத்தத் தொடங்கிவிட்டது. நான் சொன்னது பாடப் புத்தகத்துப் பதில். அந்தக் கேள்வி என் வேலைக் காலத்தின் கடைசியில் எனக்கே வந்தது. என்ன நடந்தது என்று சொல்லாமல் பதிலை மட்டும் சொல்லிவிட்டு வந்தது சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிரதம நூலகராகப் பொறுப்பெடுத்தபோது இந்த வகைக் கதைகள் எல்லாம் சிறுவர் பகுதியில் இருந்தன. அட்டையில் ரொக்கட் படம் இருந்தால் அது பிள்ளைகளுக்கானது என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு கட்டியிருக்கிறார்கள். அதனால் நரைத்த தலைக்காரர்கள் எல்லாம் முழங்கால் உயரத் தட்டுகளின் முன்னால் குந்தியிருந்து புத்தகம் தேடுவார்கள். தெரிந்த ஆள் யாராவது வந்துவிட்டால் "பேரப்பிள்ளைக்கு" என்பார்கள். செல்வராசா மாஸ்டரும் அப்படித்தான் சொன்னார். அவர் கலியாணமே கட்டாதவர் என்பது ஊருக்கெல்லாம் தெரியும்.

பார்க்கப் பொறுக்காமல் அந்தப் புத்தகங்களை மேல்மாடிக்கு ஏற்றினேன். வளர்ந்தவர்களின் நாவல்களுக்குப் பக்கத்தில் ஒரு அலுமாரி. அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று தெரியாததால் 'வேறு கதைகள்' என்று ஒட்டினேன். அதைப் பார்த்து முதலில் சண்டைக்கு வந்தவர் மாஸ்டர். சண்டை பிடிக்க வந்த இடத்தில் இன்னும் இரண்டு மூன்று பேரைக் கண்டார். அப்படித்தான் எங்கள் வாசகர் வட்டம் தொடங்கியது. மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம், வாவி தெரிகிற யன்னல் பக்கம் கதிரைகளை இழுத்துப் போட்டுக் கூடுவார்கள். பத்துப் பேர் வந்தால் பெரிய கூட்டம். தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர்தான். அந்த மூன்று பேரையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனை இருக்கும். நூலகப் புத்தகம் ஒன்றில் நிலவின் ஈர்ப்பைப் பற்றிப் பிழையாக எழுதியிருந்ததாம். ஓரத்தில் திருத்தி எழுதி, கீழே கோடும் இழுத்துவிட்டார். நான் பிடித்து ஏசினேன். "பிழையக் கண்ட பிறகும் பேசாம இரிக்கச் சொல்லுறீங்களா மிஸ்?" என்று என்னைத் திருப்பி ஏசினார். அப்படிப்பட்ட மனிதர்.

இரண்டாவது ஆள் யோகன். கல்லடிக் கடற்கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். எந்தக் கதையை வாசித்தாலும் அந்தக் கப்பல் எதில் ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்பார். காதல் வருகிற பக்கங்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டு வாசிக்கிறதாக அவரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது ஆள் தர்சினி. வெல்லாவெளியில் பாலர் பாடசாலை ஆசிரியை. இருபத்தைந்து வயது இருக்கும். வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையில் இருந்து பஸ் மாறி வருவாள். பஸ் பிந்தினால் படியில் ஓடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே அன்றைய புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவாள். ஒரு வாய் தண்ணி குடி பிள்ளை என்று நான்தான் அடக்க வேண்டும். அவளுக்கு அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஊரில் இப்படியான கதைகளைப் பற்றிப் பேச ஒரு குஞ்சு குருவிகூட இல்லை என்பாள்.

ஒரு சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னரே வந்துவிட்டாள். கவுண்டரில் நான் தனியே இருந்தேன். புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போகாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். வட்டையில், அதாவது வயல்வெளியில், வேளாண்மைக்குக் காவல் இருந்தபோது யானை அடித்து இறந்துபோனார். அது நடந்து அப்போது ஒரு வருடம் இருக்கும்.

"போட்டோ கிடக்கு மிஸ். கலியாண வீட்டுப் படம் எல்லாம் கிடக்கு. குரல்தான் இல்ல. போன்ல ஒரு வொய்ஸ் மெசேஜ் கூட இல்ல. அவரு அதெல்லாம் பழகல்ல. எங்க தேடியும் இல்ல மிஸ்" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத மேல கூட்டத்தில சொல்லிராதீங்க" என்றாள்.

எனக்கு முன்னர் இருந்த பிரதம நூலகர் என்னை வேலைக்குப் பழக்கியவர். கவுண்டரில் வாசகர் சொன்னது பக்கத்து அலுமாரிக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பார். ஒருவர் என்ன வியாதியைப் பற்றிய புத்தகம் எடுத்தார், யார் சட்டப் புத்தகத்தை இரவல் கேட்டார், இதெல்லாம் வெளியே போனால் அதற்குப் பிறகு நூலகத்துக்குள் ஒருவரும் நிம்மதியாக நுழைய மாட்டார்கள் என்பார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. இன்றைக்கும் இல்லை. உங்களுக்கும் அதையேதான் சொல்லுவேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். வாசிப்பு மாதத்துக்கு வட்டம் சார்பில் ஒரு கதைத் தொகுப்புப் போடுவோம் என்று யோகன் கிளப்பினார். ஆளுக்கொரு கதை எழுதுவது. எல்லாருக்கும் ஒரே புளகாங்கிதம். அது வரைக்கும் வாசிக்கிறவர்களாக இருந்தவர்கள் ஒரே பின்னேரத்தில் எழுத்தாளர்கள் ஆகிவிட்டார்கள். எல்லாம் நல்லபடிதான் போனது. அட்டையில் என்ன பெயர் போடுவது என்ற கேள்வி வந்ததும் கெட்டது.

மாஸ்டர் 'விஞ்ஞானக் கதைகள்' என்றார். யாரோ 'அறிவியல் புனைகதைகள்' என்றார்கள். "அது இந்தியாவில. நம்மட பிள்ளையள் படிக்கிற பாடம் விஞ்ஞானம்" என்று மாஸ்டர் ஒரே வெட்டாக வெட்டினார். தர்சினி 'அறிபுனை' என்றாள்.

"விஞ்ஞானம் எண்டா எனக்குச் சோதினை ஞாபகம் வருது சேர். கதை வாசிக்கிற ஆக்களுக்கு என்னத்துக்குச் சோதினை?"

"சோதினை இல்லாட்டி எல்லாக் குப்பையும் உள்ள வரும் பிள்ள."

"வந்தா வரட்டுமே சேர். குப்பையக் கூட்டித் தள்ளலாம். வராம விட்டதக் கூட்டி எடுக்கேலாதே."

யோகன் இரண்டு பக்கமும் பார்த்தார். "பேர் என்னவா இரிந்தா என்ன, எஞ்சின் ஸ்டார்ட் ஆனாச் சரி. நீங்க ரெண்டு பேரும் ஒரு பேருக்கு வாங்க, நான் கையத் தூக்குறன்" என்றார்.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். இது சும்மா வாய்ச் சண்டை என்றுதான் நானும் நினைத்தேன். எந்த ஊரிலும் இந்தக் கதைகளின் இரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பெயரைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கடைசியில் மூத்தவர் என்ற மரியாதைக்கு மாஸ்டரின் பெயரையே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தர்சினி முகத்தைச் சுளித்தாலும் சரி என்றாள். ஒரு பெயரை ஒத்துக்கொண்டால் அதற்குள் எது வரும், எது வராது என்பதையும் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் ஓடவில்லை.

அடுத்த மாதம் அவரவர் கதையை வாசித்துக் காட்டினார்கள். வட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. மாஸ்டர் போட்ட சட்டம். கதையை எழுதியவர் தானே சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்தால், மற்றவர்கள் எல்லாரும் பேசி முடிக்கும் வரைக்கும் அவர் வாய் திறக்கக் கூடாது. எழுதியவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் கதைக்கு மரியாதை இல்லை என்பது அவருடைய வாதம். நல்ல சட்டம்தான். பல பேருடைய கதையை அது திருத்தியிருக்கிறது.

தர்சினி தன் போனில் இருந்து வாசித்தாள். வருங்காலத்தில் காடும் வயலும் சந்திக்கிற எல்லையில் காவல் யந்திரங்கள் நட்டிருக்கிறார்கள். நிலம் அதிர்வதை வைத்து யானை வருவதை அறிந்து அவை சத்தம் போடும். யானை அடித்து இறந்த ஒரு விவசாயி காவல் இருந்த பரணுக்குப் பக்கத்தில் நட்ட யந்திரம் மட்டும் சத்தம் போடுவதில்லை. அந்த மனிதருடைய குரலில் பேசுகிறது. அவருடைய மகளைக் கூப்பிட்டு எச்சரிக்கிறது. மகள் அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். யந்திரம் பழுது என்று திருத்த வருகிறவர்களை ஏமாற்றித் திருப்பி அனுப்புகிறாள். குரல் எப்படி வந்தது என்று கதையில் ஒரு இடத்திலும் இல்லை.

அவள் வாசித்து முடித்தபோது யோகன்கூட எதில் ஓடுகிற யந்திரம் என்று கேட்கவில்லை. நான் தேத்தண்ணிப் போத்தலோடு யன்னலடியில் நின்றேன். அது யாருடைய குரல் என்று அந்த அறையில் அவளைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாஸ்டர் நன்றாகத்தான் தொடங்கினார். "நல்லா எழுதியிரிக்கிறீங்க பிள்ள. நிலத்து அதிர்வு, அத அறியிற விதம், எல்லாம் கச்சிதம். ஒரே ஒரு விசயம். அந்தக் குரல் எங்கால வந்தது? அந்த மனிசன் செத்த பிறகுதானே மிசினப் பூட்டின?"

தர்சினி சட்டப்படி பேசாமல் இருந்தாள்.

"செத்த ஆக்கள் பேசமாட்டாங்க பிள்ள. இப்ப இருக்கிற மாதிரிக்கு இது பேய்க்கதை. ஆனா லேசாத் திருத்தலாம். ஒரு வரி எழுதுங்க. தகப்பன் உயிரோட இரிக்கக்குள்ள போன்ல பேசினது பதிஞ்சி கிடந்தது, அத மிசினுக்குள்ள ஏத்தின எண்டு எழுதுங்க. முடிஞ்சிது."

அவள் சட்டத்தை மீறினாள். "பதிஞ்சி இல்ல சேர்."

"கதைதானே பிள்ள? நீங்க நினைச்சா இரிக்கும்."

"இல்ல சேர். பதிஞ்சி இல்ல."

மாஸ்டர் அதைப் பிடிவாதம் என்று நினைத்தார். அவருக்கும் சூடு ஏறியது. மாஸ்டரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அவர் படிப்பித்த ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மந்திரிக்கக் கொண்டுபோய்ப் பிந்திவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் மேசை வருடம் முழுக்க வெறுமையாகக் கிடந்ததை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். விஞ்ஞானம் என்ற சொல்லை அவர் அப்படித்தான் கையில் பிடித்திருந்தார். விட்டால் யாரோ ஒரு பிள்ளை செத்துவிடும் என்பது போல. அந்தப் பெயர் இருக்கிற புத்தகத்தில் செத்தவர் வந்து பேசுவதற்கு அவரால் இடம் விட முடியவில்லை.

யோகன் சமாதானத்துக்கு வந்தார். "தங்கச்சி, என்னத்துக்குக் கரைச்சல்? குரலக் கழட்டிப் போட்டு ஒரு சைரனப் பூட்டி விடுங்க. ஆனை ஓடினாச் சரிதானே?"

நான் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன். கூட்டத்தைக் கொஞ்சம் ஆறவிட எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. கோப்பைகளைக் கொடுத்துக்கொண்டே, அட்டையில் வெறுமனே 'கதைகள்' என்று போட்டால் என்ன என்று கேட்டேன். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அப்ப நாங்க என்னத்துக்கு மிஸ் சிறுவர் பகுதியில இருந்து மேல வந்த?" என்றார். அவர்களை மேலே ஏற்றியவள் நான்தானே.

பிறகு தர்சினியைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். "நான் மாஸ்டரிட்ட மட்டும் சொல்லட்டா? அவரு விளங்கிக்குவாரு பிள்ள" என்றேன்.

"வேணாம் மிஸ்" என்றாள். "சொன்னா எடுப்பாங்க. பாவம் எண்டு எடுப்பாங்க. அது அப்பாட சாவுக்குக் கிடைச்ச இடம். என்ட கதைக்குக் கிடைச்ச இடம் இல்ல."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்தது. பிழை விட்டேன் என்று உங்களிடம் ஒப்புக்கொள்ள இதை எழுதவில்லை. பிழை என்று சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்லவில்லை. ஒரு நூலகர் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் சரியாக நடந்துகொண்ட பிறகும் மனம் ஆறாத நாட்கள் இந்த வேலையில் வரும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் சொல்லி வைக்கிறேன்.

அன்றைக்கு அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டாள். அடுத்த கிழமை என் போனுக்குக் கதை வந்தது. 'மிஸ், திருத்திட்டன். சேரிட்டக் குடுங்க' என்று மட்டும் எழுதியிருந்தாள். திறந்து வாசித்தேன். குரல் இல்லை. யந்திரம் சைரன் அடிக்கிறது. மகள் எழும்பி ஓடித் தப்புகிறாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத, ஒழுங்கான கதை. நான் அதை மாஸ்டரிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனையைத் திறக்கவே தேவைப்படவில்லை அவருக்கு. "பாத்தீங்களா மிஸ், எவ்வளவு நல்லா வந்திரிக்கி" என்று சந்தோசப்பட்டார்.

புத்தகம் வந்தது. 'விஞ்ஞானக் கதைகள்' என்று அட்டையில் நீல எழுத்து. வெளியீட்டுக்குத் தர்சினி வரவில்லை. பாலர் பாடசாலையில் விழா என்று செய்தி அனுப்பினாள். பேசிய ஒவ்வொருவரும் அவளுடைய கதையைத்தான் பாராட்டினார்கள். நாளைக்கே செய்து வயலில் நடலாம் போல இருக்கிறது என்றார்கள். மாஸ்டர் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் அவள் வரவில்லை. மாஸ்டர் ஒவ்வொரு முறையும் படிக்கட்டைப் பார்ப்பார். பஸ் இல்லையாக்கும் என்பார். நான் ஓம் என்பேன்.

உண்மையைக் கொண்டு வந்தவர் யோகன். வெல்லாவெளிப் பக்கம் ஒரு வயலுக்கு நீர்ப்பம்பி திருத்தப் போயிருக்கிறார். திருத்திக்கொண்டு நிற்கும்போது வயல்காரர் பக்கத்து வரம்பைக் காட்டி, இதில்தான் இன்னாரை யானை அடித்தது, பாவம், மகள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். யோகன் கை கழுவாமல், எண்ணெய்க் கையோடு நேரே நூலகத்துக்கு வந்தார். மாஸ்டர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அது அந்தப் புள்ளேட தகப்பன். கதையில வந்த மனிசன். நான் போய்ச் சைரனப் பூட்டச் சொன்னனே மாஸ்டர்" என்றார். அந்தப் பெரிய உடம்புக்காரர் கதிரையில் இருந்து குழந்தை மாதிரி அழுதார்.

மாஸ்டர் அழவில்லை. எழும்பி என் கவுண்டருக்கு வந்தார். "உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

"தெரியும் மாஸ்டர்."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்ல வேணாமெண்டு சொன்னா."

என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது. "பதிஞ்சி இல்ல எண்டு ரெண்டு தரம் சொன்னாளே மிஸ், எனக்கு விளங்கல்லையே" என்றார். பிறகு, "நாளைக்கு வெல்லாவெளிக்கு எத்தின மணிக்கு பஸ்?" என்று கேட்டார்.

மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் மாஸ்டர் திட்டம் போட்டார். புத்தகத்தை இரண்டாவது தரம் அச்சடிப்பது. முதலில் வாசித்த கதையை அப்படியே போடுவது. அட்டையில் அவள் கேட்ட பெயரையே போடுவது. எங்களைக் கண்டதும் தர்சினி திகைத்துப் போனாள். பிறகு முகம் மலர்ந்து கதிரை எடுத்துப் போட்டாள். தாய் பால் தேத்தண்ணி ஊற்றினார். கோபம் ஒன்றும் இல்லை அவளிடம். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாஸ்டர் நேராக விசயத்துக்கு வந்தார். "பிள்ள, அறிபுனைக் கதைகள் எண்டே போடுவம். நீங்க சொன்ன பேர்தான் சரி."

"எந்தப் பேராயிரிந்தா என்ன சேர்" என்றாள்.

அந்தப் பெயருக்காக ஒரு பின்னேரம் முழுக்க வரிந்து கட்டிக்கொண்டு நின்றவள் அவள். மாஸ்டர் விடவில்லை.

"நீங்க முதல்ல வாசிச்சதத் தாங்க. அதத்தான் போட வேணும். குரல் இரிக்கட்டும்."

"அது இல்ல சேர். திருத்தக்குள்ள அதுக்கு மேலேயே எழுதிட்டன். பழசு இல்ல."

"திரும்ப எழுதுங்க பிள்ள."

"வருதில்ல சேர். முயற்சி செஞ்சன். முந்தி எழுதக்குள்ள காதுக்குள்ள கேட்டது. சைரன் எழுதின பிறகு கேக்கிதில்ல." அவள் குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். "நீங்க சொன்னது சரிதானே சேர். செத்த ஆக்கள் பேசமாட்டாங்க."

"கதையில பேசலாம் பிள்ள" என்றார் மாஸ்டர். அவருடைய வாயில் இருந்து அப்படி ஒரு வசனம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

தர்சினி சிரித்தாள். தேத்தண்ணி ஆறுது சேர், குடிங்க என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு அந்த வருடத்து வேளாண்மையைப் பற்றியும் பாலர் பாடசாலைக்குக் கூரை போடுவதைப் பற்றியும் பேசினோம். வரும் மாதம் கூட்டத்துக்கு வா பிள்ளை என்று கூப்பிட்டேன். பாப்பம் மிஸ் என்றாள். வரமாட்டாள் என்று அந்தச் சொல்லிலேயே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் கடைசி ஆசனத்தில் இருந்தோம். யோகன்தான் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் ஒரு தரம் கேட்டோம்தானே, ஞாபகப்படுத்தி எழுதிக் கொடுப்போம் என்றார். தகப்பனின் குரல் கதையில் என்ன சொன்னது என்று முதலில் அவரே சொல்லிப் பார்த்தார். "மகள் ஓடு, மகள் ஓடு எண்டுதானே?" என்றார். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. கவனமாக இரு என்று ஏதோ சொன்னதாக நினைத்தேன். அன்றைக்கு யன்னலடியில் போத்தலோடு நின்றதுதான் ஞாபகம் இருந்தது. சொற்கள் இல்லை. வெட்கமாக இருந்தது.

மாஸ்டர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"'எழும்பு புள்ள. ஆன கிட்ட வந்திட்டு. பயப்பிடாத, விளக்கக் கொளுத்தாம பின் பக்கத்தால போ. நான் இஞ்சதான் நிக்கிறன்.'"

ஒரு சொல் தடுமாறவில்லை. பிழை எங்கே என்று பிடிப்பதற்காக அவர் ஒருவர்தான் அந்தக் கதையை அவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்கிறார்.

"இறங்குவம் மாஸ்டர். திரும்பிப் போய் அவளுக்கு இதச் சொல்லுவம்" என்று அவருடைய கையைப் பிடித்தேன்.

மாஸ்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நான் சொன்னா அது என்ட குரலாத்தானே மிஸ் இரிக்கும்" என்றார்.

பஸ் வாவியைக் கடக்கிற பட்டிருப்புப் பாலத்தில் ஏறியது. நான் அவருடைய கையை விட்டுவிட்டேன்.